வாழை கட்டிய கம்பங்கள்

எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது டாக்டர் என் கண்ணைச் சோதித்தார். சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரியை, அந்தப் பொடி எழுத்துகளை, நான் மூச்சுவிடாமல் படித்துக் காட்டினேன். அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, அப்பா சிமெண்ட், கம்பி வியாபாரத்தில் இறங்கியிருந்தார். ஒரே மகன் கடையில் வந்து உட்காருவான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மகன் மீனம்பாக்கத்தில் ஒரு பயிற்சி கிளப்பில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தான். ஏன் சேர்ந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்கத் தலைக்கு மேல் விமானம் போகிற பக்கத்தில் பிறந்தேன், அவ்வளவுதான். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அம்மாவுக்குத்தான் பயமே இல்லை.

"ரோட்டுல போனாத்தான் லாரிக்காரன் வந்து இடிப்பான். ஆகாசத்துல போறவனுக்குக் குறுக்க என்ன வரப்போவுது?" என்றாள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் குடியிருந்தார். சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று தோன்றும்படி அமைதியாகப் பேசுவார். ஒருநாள், ஓடுபாதை ஓரத்தில் புல் வெட்டுகிறவர்கள் நிறுத்தி வைத்திருந்த சைக்கிளை நான் கவனிக்கவில்லை. இன்னொரு நாள், ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த ஏணியைக் கவனிக்கவில்லை. இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர் என்னை மரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னார்:

"உனக்கு ஓட்டறது நல்லா வருது தம்பி. லேண்டிங் ஸ்மூத்தா இருக்கு. பார்க்கத்தான் வரலை."

"கண்ணு நல்லாத் தெரியுது சார்."

"தெரியுது. நீ பார்க்கறதில்லை."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. மின்சார ரயிலில் வீடு திரும்பும்போது திரிசூலத்திலிருந்து தாம்பரம் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். புரியவில்லை என்று திரும்பப் போய்க் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அவரே ஒரு வேலை கொடுத்தார். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சேலையூர் வரை நடந்து போக வேண்டும். அந்தச் சாலையில் ஒரு விமானம் இறங்குவதாக வைத்துக்கொண்டு, அதற்கு இடைஞ்சலாக என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்தேன். தண்ணீர்த் தொட்டி, சினிமா விளம்பரத் தட்டி, கட்சிக் கொடிக்கம்பம், கட்அவுட், தென்னை மரம், மொட்டை மாடி டிவி ஆண்டெனா, ஒரு கடையில் மாட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காய் உட்பட மூன்று பக்கம் எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"ரோடு முழுக்கக் கரண்ட் ஒயர் போகுது. ஒரு ஒயரைக்கூட நீ எழுதலை."

உண்மைதான். பூசணிக்காயைப் பார்த்தவன் அது தொங்கிய இடத்துக்கு மேலே போன ஒயரைப் பார்க்கவில்லை. ஒயர் என்பது எனக்கு ஒரு பொருளாகவே தோன்றியிருக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு அப்பா, கடையில் ஆள் இருக்கும்போதே, "கம்பிக் கடைக்காரன் புள்ளைக்குக் கம்பி கண்ணுக்குத் தெரியலையாம்" என்று சிரித்தார். ஒரு மாதம் கழித்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது.

"ஒயர் மேலேருந்து யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றார் சார். "கம்பத்தைப் பாரு. ரெண்டு கம்பம் இருந்தா நடுவுல ஒயர் இருக்கு. தெரியுதோ இல்லையோ, இருக்குன்னு வெச்சுக்கோ."

இதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். மனப்பாடம் செய்வதில் நான் கெட்டிக்காரன்.

உரிமம் வாங்குவதற்கு முன், அறிமுகமில்லாத ஓர் இடத்தில் தனியாகப் போய் இறங்கிவிட்டு வர வேண்டும். எனக்குச் சொல்லப்பட்ட இடம், செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே, யுத்த காலத்தில் போட்டுவிட்டு அப்படியே விட்டுப் போன ஒரு பழைய ஓடுபாதை. வருஷத்துக்கு நான்கைந்து முறை எங்கள் கிளப் விமானம் அங்கே போகும். மற்ற நாட்களில் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் அதில் நெல் காயப்போடுவார்கள், போரடிப்பார்கள், சைக்கிள் பழகுவார்கள்.

"இறங்கறதுக்கு முன்னாடி மேலேயே சுத்திப் பாரு. அவசரமே இல்லை" என்றார் சார். "திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பேன். அங்க என்ன இருந்தது? சரியாச் சொன்னா கையெழுத்துப் போடறேன். பார்க்காம இறங்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சா போட மாட்டேன். அப்பாவோட கடைக்குப் போயிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு முகூர்த்த நாள் காலையில் கிளம்பினேன். அது முகூர்த்த நாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம், இறக்கை தலைக்கு மேலே. மேலேறித் திரும்பும்போது கீழே அனகாபுத்தூரில் சாயம் போட்ட நூலைத் தெருவில் காயவைத்திருந்தார்கள். சிவப்பும் பச்சையும் மட்டும்தான் தெரிந்தன. தாம்பரத்து விமானப்படைத் தளத்துப் பக்கம் போகக் கூடாது என்பதால் மேற்கே ஒதுங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டையும் தண்டவாளத்தையும் பிடித்துக்கொண்டு போனேன். பொத்தேரியில் கல்லூரி விடுதி மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதுவரை எல்லாம் தெளிவாக இருந்தது.

ஓடுபாதை வடக்கு தெற்காகப் படுத்திருந்தது. காற்று தெற்கிலிருந்து நன்றாக வீசியது. காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேண்டும் என்பதால் நான் வடக்கு முனையில் நுழைந்து தெற்கு நோக்கி ஓட வேண்டும். மேலேயே ஒரு சுற்று வந்து பார்த்தேன். தெற்குக் கோடியில் வைக்கோல் பரப்பியிருந்தது. மேற்கே வயலில் ஒரு பம்ப்செட் கொட்டகை. கிழக்கே புதிதாக வண்ணம் அடித்த ஒரு சின்னக் கோயில். அதைச் சுற்றிக் கூட்டம். ஓடுபாதையின் வடக்கு முனையில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் குலையோடு வாழை மரம் கட்டியிருந்தார்கள். ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் கொஞ்சம் கீழே இறங்கினேன். கோயிலைச் சுற்றி நின்ற கூட்டம் ஓடிவந்து ஓடுபாதைக்குள் நுழைந்தது. வேறெங்கும் போகவில்லை. சரியாக நான் நுழைய வேண்டிய வடக்கு முனையில், அந்த இரண்டு வாழை மரங்களுக்கு நடுவே வரிசையாக வந்து நின்றார்கள். நின்று துண்டை ஆட்டினார்கள். சிலர் கும்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரவேற்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா? இவர்கள் விமானமே பார்த்ததில்லையா?

மூன்றாவது சுற்றில் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, விலகிப் போங்கள் என்று ஆட்டினேன். அவர்கள் இன்னும் பலமாக ஆட்டினார்கள். குழந்தைகள் குதித்தன. இன்னும் பத்துப் பேர் ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். நான் சுற்றச் சுற்றக் கூட்டம் சேர்ந்தது. இடைஞ்சல் இருக்கிறதா என்று நான் பார்க்கப் பார்க்க இடைஞ்சல் வளர்ந்தது. என்ன செய்வது? சார் சொல்லித்தந்த எதிலும் இது இல்லை. நான்காவது சுற்று. ஐந்தாவது சுற்று. திரும்பிப் போய்விடலாம் என்றால் கடை ஞாபகம் வந்தது. கோபம் கோபமாக வந்தது. மனதுக்குள் அவர்களைத் திட்டாத வார்த்தை இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஓடுபாதை நீளமானது. முனையில் இறங்காமல், இவர்கள் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் தாண்டி, பாதியில் போய் இறங்கிவிடலாம். அப்படியே செய்தேன். அவர்களைத் தாண்டும்போது கீழே அண்ணாந்த முகங்கள் தெரிந்தன. பாதியில் தொட்டு, பிரேக்கை மிதித்து, வைக்கோலுக்குப் பத்தடி முன்னால் விமானத்தை நிறுத்தினேன். என்ஜினை அணைத்ததும் தொலைவில் நாதஸ்வர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டிய குழாய் ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் இருந்தது நினைவிருக்கிறது. அதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

கூட்டம் என்னை நோக்கி ஓடிவந்தது. நான் கீழே குதித்து நேராக அவர்களிடம் கத்தினேன்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? ப்ளேன் எறங்கற எடத்துல வந்து நின்னுகினு கையாட்றீங்க? செத்திருந்தா யார் பதில் சொல்றது?"

யாரும் கோபப்படவில்லை. வயதான ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தலையில் கனகாம்பரம் வைத்த ஓர் அம்மாள் முன்னால் வந்து விமானத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பூ எங்க சார்?"

"என்ன பூ?"

"கும்பாபிஷேகத்துக்கு மேலேருந்து பூ போடுவாங்கன்னு சொன்னாங்களே. காலைலேருந்து நின்னுகினு கீறோம். கலசத்துக்குத் தண்ணி ஊத்தி முடிச்சும் வரல. நீ சுத்தினதப் பாத்து வந்துட்டன்னு நெனச்சோம்."

யாரோ ஒரு பெரிய மனிதர் விமானத்தில் பூத் தூவ ஏற்பாடு செய்வதாக வாக்குக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. அப்படியானால் இந்த ஜனம் பூவுக்காகத்தான் ஓடுபாதையில் வந்து நின்றதா? பூ கோயிலுக்குத்தானே? கோயிலை விட்டுவிட்டு இங்கே ஏன் வரிசை கட்டி நிற்க வேண்டும்? என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது சட்டைப் பையில் டெஸ்டர் செருகிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். கோயிலுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் போட்டவர்.

"சார், கொஞ்சம் வாங்க" என்றார்.

அவ்வளவு தூரம் வெயிலில் என்னை நடக்கவைத்து வடக்கு முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வாழை மரங்களுக்கு நடுவே நிறுத்தி, "அண்ணாந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். வானம்தான் இருந்தது.

"தெரியுதா?"

"என்ன?"

அவர் விரலை நீட்டி மெதுவாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்த்தினார். விரல் போன வழியே பார்த்தபோதுதான் தெரிந்தது. என் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்தில், பம்ப்செட் கொட்டகையிலிருந்து கோயில் வரை ஒரு கறுப்பு ஒயர் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பம் நட்டு அதில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெறும் கம்பமாக இருந்தால் லட்சணமாக இருக்காது என்று கம்பத்தோடு வாழை மரத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த இரண்டு கம்பங்களையும் நான் ஐந்து சுற்றிலும் பார்த்தேன். வாழை கட்டியிருந்ததால் விசேஷம் என்று நினைத்தேனே தவிர, கம்பம் என்று நினைக்கவில்லை. நம் நாட்டில் பிறக்காத ஒருவன் வந்திருந்தால் ஒருவேளை கம்பம் என்று நினைத்திருப்பான்.

"நீங்க சுத்துறதப் பாத்தவுடனே மெயினை ஆஃப் பண்ணிட்டேன் சார். ஒயர அவுக்க நேரமில்ல. ஒயர் மேலேருந்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆளு தெரியும் இல்ல? அதான் எல்லாரையும் இதுக்கு அடியில வந்து நிக்கச் சொன்னேன். நீங்க கைய ஆட்டி ஆட்டிப் போகச் சொன்னீங்க. சில பேர் போறேன்னாங்க. நான்தான் உடல."

நான் அந்த முனையை எந்த உயரத்தில் கடந்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கம்போல வந்திருந்தால் அதே மூன்று ஆள் உயரம்தான். அங்கேயே ஓடுபாதையில் உட்கார்ந்துவிட்டேன். கனகாம்பரம் வைத்த அம்மாள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் திட்டியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மாளிடம் மட்டும் இன்னொரு முறை கேட்டேன். "நீங்க ஒயருக்காக நின்னீங்களா, பூவுக்காக நின்னீங்களா?"

"ரெண்டுக்குந்தான்" என்றாள்.

இருபது பேர் சேர்ந்து வைக்கோலை ஓரத்துக்கு இழுத்தார்கள். விமானத்தைத் திருப்பித் தள்ளிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது வெட்கம் தாங்காமல், யாரும் கேட்காமலேயே, "அடுத்த வருஷம் நானே கொண்டுவந்து பூப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். மைக் செட்காரர் தலையாட்டினார்.

திரும்பும்போது கடலோரமாக வந்தேன். கோவளத்தில் படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். மீன் ஏலம் முடிந்து கரை காலியாகக் கிடந்தது. சாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நான் பார்க்கவில்லை, அவர்கள் காட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். காட்டியதையும் பார்க்கவில்லை, திட்டினேன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் கையெழுத்து இல்லை. சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சார் மரத்தடியில் காத்திருந்தார். "அங்க என்ன இருந்தது?" என்றார்.

"வடக்கு முனையில குறுக்க ஒயர் இருந்துச்சு சார்."

அவர் முகம் மாறியது. "ஒயரா? எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டு கம்பம் இருந்துச்சு சார். பார்த்தேன்."

அது பொய் இல்லை. இரண்டு கம்பங்களையும் நான் பார்த்தேன். இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் என் தோளைத் தட்டினார். என்னைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டதில்லை. "இதுக்குத்தான்டா இவ்வளவு நாள் கத்தினேன்" என்றார். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உரிமம் வந்தது. அம்மா அதைப் பூஜை அறையில் வைத்துக் குங்குமம் வைத்தாள். அதன் பிறகு நான் மூன்று முறைதான் பறந்தேன். எங்கே இரண்டு பொருள் தள்ளித் தள்ளி நின்றாலும் நடுவில் ஒயர் இருப்பதாகத் தோன்றியது. இரண்டு பனை மரம், இரண்டு புகைபோக்கி, இரண்டு ஆட்கள். இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். கண்ணில்தான் கோளாறோ என்று மறுபடி டாக்டரிடம் போனேன். கடைசி வரியை மூச்சுவிடாமல் படித்தேன். உனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். நான் அப்பாவின் கடையில் போய் உட்கார்ந்தேன். அப்பா காரணம் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அந்தக் கோயிலில் வருஷாபிஷேகம். கும்பாபிஷேகம் நடந்த அதே நட்சத்திரத்தில் வரும் என்பதால் நாளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு கிலோ சாமந்தி வாங்கி, ஒயர்க்கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விமானத்திலிருந்து பொருளைப் போடுவது சட்டப்படி தப்பு என்று அவர்களிடம் விளக்கிச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் பொய் இல்லை.

கோயிலில் ஆளைக் காணோம். எல்லாரும் ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட உள்ளே நிற்கவில்லை. குழந்தைகளைக் கையில் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வைக்கோல் ஒரு துரும்பு இல்லாமல் பெருக்கியிருந்தது. வாழை மரங்களைக் கோயில் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது. எல்லா முகமும் வடக்கே வானத்தைப் பார்த்திருந்தன. என்னை யாரும் பார்க்கவில்லை.

மைக் செட்காரர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் குழம்பிப்போனார்.

"இன்னா சார், நீங்க ரோட்டுல வர்றீங்க?"

நான் கூடையிலிருந்த சாமந்தியைப் பார்த்தேன்.

"அப்ப வேற யாராச்சும் ஓட்டிகினு வர்றாங்களா?"

நான் கூடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் நான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் கையைப் பிடித்து வடக்கு முனைக்கு அழைத்துப் போய், மண்ணில் புதிதாகத் தோண்டி மூடியிருந்த கோட்டைக் காலால் தடவிக் காட்டினார்.

"ஒயர பைப்புக்குள்ள உட்டுப் பொதச்சுட்டோம் சார். ஊரே சேந்து ரெண்டு நாள் தோண்டுச்சு. இனிமே ஒண்ணும் குறுக்க இல்ல. காலைலேருந்து மூணு வாட்டி நடந்து பாத்துட்டேன். நீங்களே பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். மேற்கிலிருந்து கிழக்கு வரை மெதுவாகப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை.